கடைத் தயிரை முதுகு திருப்பிப் பாருங்கள்

காலையில் கேன் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, மத்தியானச் சோத்துக்கு மளிகைக் கடையில் தயிர் பாக்கெட் வாங்கிக்கொண்டு வருகிற வீடுகள் எங்கள் கோபி, சத்தியமங்கலம் பக்கத்தில் நிறைய. மாட்டையே விற்றுவிட்டு முழுசும் பாக்கெட்டுக்கு மாறின வீடுகள் அதைவிட நிறைய. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பயிருக்குத் தேமோர் கரைசல் தெளிக்கணும், அரப்பு மோர் கரைசல் போடணும், பஞ்சகவ்யம் கலக்கணும் என்றால் நாட்டு மாட்டுத் தயிர்தான் வேணும் என்று மூணு ஊர் அலைகிறோம். கத்தரிச் செடிக்கு அவ்வளவு பார்க்கிற நாம், நம்ம வயித்துக்கு என்று வரும்போது கடை பிரிட்ஜில் முன்னாடி எது இருக்கோ அதை எடுத்துக்கிட்டு வந்துடறோம்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாடு வைக்க ஆள் வேண்டும், தீவனம் வேண்டும், மேய்ச்சல் வேண்டும். வயசான ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் யார் பால் கறப்பது? திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஒத்தை அறையில் இருக்கிற பிள்ளைகள் உறை ஊற்றிக் காத்திருக்க முடியுமா? எங்கள் வட்டாரக் கூட்டத்தில் மண்புழு, மூடாக்கு, விதை என்று எல்லாம் பேசி முடித்தாலும், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கடைசியில் கேட்பது இதைத்தான்:

"அதெல்லாஞ் சரிங்ண்ணா, கடையில எந்தத் தயிர வாங்கறது? அதச் சொல்லுங்க மொதல்ல."

பெயர் சொல்லி இந்தக் கம்பெனி நல்லது, அந்தக் கம்பெனி ஆகாது என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் நிற்காது. ஒரே கம்பெனி நல்ல தயிரும் விற்கிறது, சர்க்கரைப் பாகையும் தயிர் என்று விற்கிறது. அதனால் கோபியில் ஒரு மளிகைக் கடை, ஒரு சூப்பர் மார்க்கெட் இரண்டிலும் நின்று, இருந்த தயிர் கப், பாக்கெட், யோகர்ட், லஸ்ஸி, மோர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். சூப்பர் மார்க்கெட் தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, ஃபுட் ஆபீசருங்களா?" என்று பக்கத்தில் வந்துவிட்டார். "இல்ல சாமி, சம்சாரி" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம்

கப்பின் முன்பக்கத்தில் பசு, புல்வெளி, பழம், சிரிக்கிற குழந்தை எல்லாம் இருக்கும். அதில் படிக்க ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'இன்கிரிடியன்ட்ஸ்' என்று இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரவேண்டும், பிறகு இறங்குவரிசையில் மற்றவை வரவேண்டும் என்பது சட்டம். இந்த ஒரு விதி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நல்ல சாதாத் தயிரில் பட்டியல் ஒரு வரியில் முடிந்துவிடும்: பாஸ்டரைஸ் செய்த பால், நுண்ணுயிர்க் கல்ச்சர். சிலதில் 'மில்க் சாலிட்ஸ்' என்று கூடுதலாக இருக்கும். அது பால் பவுடர். தயிர் கத்தியில் வெட்டுகிற மாதிரி கெட்டியாக நிற்கச் சேர்க்கிறார்கள். அதில் பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கெட்டி மாட்டுப் பாலின் இயல்பான கெட்டி இல்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழ ருசி போட்ட கப்பை எடுத்தால் கதை நீளும். பாலுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை. அதற்குப் பிறகு பழக்கூழ், அதுவும் சில சமயம் சில சதவீதம்தான். பிறகு ஐ.என்.எஸ். 1442, ஐ.என்.எஸ். 440 என்று எண்கள். 1442 என்பது மாற்றியமைத்த ஸ்டார்ச், 440 என்பது பெக்டின், 407 கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். 428 என்று இருந்தால் அது ஜெலட்டின், விலங்கின் தோல், எலும்பிலிருந்து வருவது. சைவம் பார்ப்பவர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். இவை எல்லாம் அனுமதிக்கப்பட்ட பொருட்கள்தான். என் கேள்வி வேறு. நல்ல பால், நல்ல உறை, சரியான சூடு இருந்தால் தானே உறைந்து நிற்கிற பொருளுக்கு மாவும் பசையும் எதற்கு?

சர்க்கரைக் கணக்கு ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தச் சாதாத் தயிரிலும் 100 கிராமுக்கு 4, 5 கிராம் 'மொத்தச் சர்க்கரை' என்று பட்டியலில் இருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "சும்மா தயிர்லயும் சக்கரை போடறானுங்களா!" என்று கோபப்பட்டார். அது போட்ட சர்க்கரை இல்லைங்க. பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். உறையும்போது நுண்ணுயிர்கள் அதில் ஒரு பங்கைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன, மீதி அப்படியே நிற்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்குக் கீழே 'ஆடட் சுகர்ஸ்' என்று தனியாக இருக்கும் வரியை. 2020 லேபிள் விதிகள்படி இதைத் தனியாகக் காட்டியாக வேண்டும். சாதாத் தயிரில் அது பூஜ்யமாக இருக்கணும்.

100 கிராமில் சேர்த்த சர்க்கரை 10 கிராம் என்று போட்டிருந்தால், 80 கிராம் கப்பில் 8 கிராம், கிட்டத்தட்ட ரெண்டு தேக்கரண்டி. 200 மில்லி இனிப்பு லஸ்ஸியில் அதே கணக்குப் போட்டால் 20 கிராம். வளர்ந்த ஒரு ஆளுக்கு ஒரு நாள் முழுக்க 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. காபி, டீ, பிஸ்கட் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 25. குழந்தைக்கு அதைவிடக் குறைவு. பிள்ளைக்குச் சத்து என்று நினைத்து ஸ்ட்ராபெரி தயிர் கப் வாங்கிக் கொடுக்கிற தாய்மாருக்கு நான் சொல்வது, சாதாத் தயிரில் ஒரு பூவன் பழத்தைப் பிசைந்து போடுங்கள். இல்லை, நம்ம தோட்டத்துச் சப்போட்டா. ஒரு வாரத்தில் அந்த ருசி பழகிவிடும்.

உப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், குறிப்பாக மசாலா மோர் பாக்கெட்டில். 'சோடியம்' என்ற வரி. ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் வெயிலுக்கு நல்லது என்று நாளுக்கு மூணு பாக்கெட் குடித்தால் உப்பும் மூணு மடங்கு உள்ளே போகும்.

2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்றுதான் பெரிதாகப் போடணும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சொல்லி, தமிழ்நாடு எதிர்த்து, அதே மாதம் 30ஆம் தேதி அவர்கள் இறங்கிவந்த சங்கதி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெயருக்கு நடந்த அந்தச் சண்டையில் கால்வாசி, பின்பக்கத்து எழுத்தைப் பெரிதாகத் தமிழில் போடச் சொல்லியும் நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நீலமா, பச்சையா, ஆரஞ்சா

ஆவின் பாக்கெட் நிறம் நமக்குத் தெரிந்ததுதான். நீலம் சமன்படுத்திய பால், கொழுப்பு 3 சதவீதம், இதர திடப்பொருள் 8.5. பச்சை நிலைப்படுத்திய பால், 4.5க்கு 8.5. ஆரஞ்சு நிறை கொழுப்பு, 6க்கு 9. தயிரும் இந்தப் பால்களில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. கடைத் தயிர் பெரும்பாலும் சமன்படுத்திய பாலில் செய்ததாக இருக்கும். எருமைப் பாலில் கொழுப்பு அதிகம், பால் பவுடரும் தண்ணீரும் கலந்து அதைச் சமன் செய்தால் நிறையப் பேருக்கு மலிவாகக் கொடுக்கலாம் என்று பம்பாயில் தாரா குரோடி 1946இல் கொண்டுவந்த முறை அது. பஞ்ச காலத்துக்கு நல்ல யோசனை.

எதை வாங்குவது? இருதய நோய், அதிக எடை என்று மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு நீலம் போதும். வயலில் வேலை செய்கிறவருக்கும் வளர்கிற பிள்ளைக்கும் பச்சையோ ஆரஞ்சோ நல்லதுதான். 'ஜீரோ ஃபேட்' என்று எழுதின பழக் கப்பை மட்டும் நான் தொடமாட்டேன். கொழுப்பை எடுத்தால் ருசி போகும், ருசியைத் திருப்பிக் கொண்டுவரச் சர்க்கரை வரும். பின்பக்கத்தைப் பாருங்கள், தெரியும்.

'கிரீக் யோகர்ட்' என்று ஒன்று இப்போது சூப்பர் மார்க்கெட்டில் தனி வரிசையில் இருக்கிறது. ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் வாங்குகிறார்கள். சாதாத் தயிரில் 100 கிராமுக்குப் புரதம் 3, 3.5 கிராம் இருக்கும். இதில் அதைப்போல ரெண்டு மடங்கு, சிலதில் அதற்கும் மேல். ரகசியம் ஒன்றும் இல்லை. தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்தால் வருவதுதான். உண்மையில் வடித்ததா, பால் புரதப் பவுடரைச் சேர்த்துக் கெட்டியாக்கினதா என்பதை இன்கிரிடியன்ட்ஸ் வரி சொல்லிவிடும். அரை லிட்டர் தயிரை ராத்திரி துணியில் கட்டிப் பிரிட்ஜுக்குள் பாத்திரத்தின் மேல் வைத்தால் காலையில் நம்ம வீட்டிலேயே கிரீக். வடிந்த தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், குழம்பில் ஊற்றலாம்.

உயிர் இருக்கிறதா

தயிரை ஏன் சாப்பிடுகிறோம்? பாலில் இருக்கும் சத்து எல்லாம் தயிரிலும் இருக்கு. கூடுதலாக வருவது உயிருள்ள நுண்ணுயிர்கள். நம்ம இயக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் அதைத்தானே வளர்க்கிறோம். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதும் அந்த உயிர்களால்தான். லாக்டோஸைச் செரிக்கிற வேலையில் பாதியை அவை செய்துவிடுகின்றன.

பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905இல் ஜெனீவாவில் தன் நாட்டுப் புளித்த பாலிலிருந்து ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். அதுதான் லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து மெட்ச்னிகோஃப், 1908இல் நோபல் வாங்கியவர், புளித்த பால் ஆயுளைக் கூட்டும் என்று ஐரோப்பா முழுக்கப் பிரசாரம் செய்தார். யோகர்ட் என்று கடையில் விற்பது அந்த வழி வந்தது. பல்காரிகஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும் என்ற இரண்டு உயிர்கள் மட்டும், 42லிருந்து 45 டிகிரி சூட்டில். நம்ம வீட்டுத் தயிர் அப்படி அளந்து செய்ததில்லை. அடுக்களைச் சூட்டில், முந்தின நாள் மோரில் இருக்கும் பல வகை உயிர்கள் சேர்ந்து உறைய வைப்பது. ஒவ்வொரு வீட்டுத் தயிரும் ஒவ்வொரு ருசி. யோகர்ட் உசத்தி, தயிர் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் விலையைப் பாருங்கள், உசத்தி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

'புரோபயாடிக்' என்று எழுதினால் அதற்கு விதி இருக்கிறது. ஒரு நாள் சாப்பிடும் அளவில் பத்துக் கோடி உயிர்களாவது இருக்கணும், எந்த வகை என்று பெயரும் போடணும். பெயர் இல்லாமல் 'வயிற்றுக்கு இதம்' என்று மட்டும் இருந்தால் அது வெறும் விளம்பரம். அட்டைப் பெட்டியில் மாதக்கணக்கில் வெளியிலேயே கெடாமல் நிற்கிற மோர், லஸ்ஸி எல்லாம் புளித்த பிறகு கடுஞ்சூட்டில் காய்ச்சினவை. தாகத்துக்கு ஆகும், உயிருக்கு ஆகாது.

உயிர் இருக்கா இல்லையா என்று பார்க்க லேப் வேண்டாம். காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறின பாலில் அந்தக் கடைத் தயிரை ஒரு கரண்டி உறை ஊற்றுங்கள். ராத்திரி வைத்தது காலையில் உறைந்தால் உயிர் இருக்கிறது. ரெண்டு தடவை முயன்றும் பால் பாலாகவே இருந்தால் அந்தப் பாக்கெட்டை அடுத்த தடவை வாங்காதீர்கள்.

கடையில் எடுக்கும்போது கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய சங்கதி ஒன்று. கரண்டு செலவுக்குப் பயந்து ராத்திரி பிரிட்ஜை நிறுத்துகிற கடைகள் உண்டு. தேதி மிச்சம் இருந்தாலும் அங்கே தயிர் புளித்துப்போகும். கப்பின் மூடி பலூன் மாதிரி உப்பியிருந்தால் உள்ளே ஈஸ்ட் வேலை செய்து காற்று உண்டாக்கியிருக்கிறது, எடுக்காதீர்கள். மேலே கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் நிற்பது குறையில்லை, அது வடிநீர். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் மேலே வழித்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுகிற வேலை வேண்டாம்.

ஏ2, நாட்டு, இயற்கை

இந்த மூணு வார்த்தைக்கும் நம்ம ஆட்கள் சட்டென்று மயங்குவார்கள். ஏ2 என்பது பாலின் பீட்டா கேசின் புரதத்தில் ஒரே ஒரு இடத்தில், 67ஆவது கண்ணியில் இருக்கும் வித்தியாசம். நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2தான். அந்த வித்தியாசத்தால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே தகராறு தீரவில்லை. 2024 ஆகஸ்ட் 21இல் பாக்கெட்டிலிருந்து ஏ1, ஏ2 எழுத்தை எடுக்கச் சொன்ன எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., 26ஆம் தேதியே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆனால் ஒன்று உறுதி. அது புரதத்தின் குணம். நெய்யில் புரதமே கிடையாது. 'ஏ2 நெய்' என்று ரெட்டை விலை சொல்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

காங்கேயம், பர்கூர் மாடுகள் உழவுக்கும் வண்டிக்கும் பேர்போனவை, பால் கொஞ்சம்தான் கறக்கும். கன்று குடித்தது போக மிச்சம் எவ்வளவு என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பால் லாரி லாரியாகப் பாக்கெட்டில் வருகிறது என்றால் கணக்கு எனக்கு உதைக்கிறது.

'நேச்சுரல்', 'ஃபார்ம் ஃப்ரெஷ்' என்பதற்கெல்லாம் சான்று கிடையாது. இயற்கை என்று சொல்லி விற்றால் அதற்கான சான்று முத்திரை இருக்கணும். அது இருந்தால் மாடு தின்ற தீவனமும் ரசாயனம் இல்லாமல் விளைந்தது என்று பொருள். இல்லாவிட்டால் அந்தப் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற கூடுதல் விலை, படத்தில் இருக்கும் புல்வெளிக்குத்தான்.

பட்டியலில் வராத ரெண்டு சங்கதி

இதுவரை சொன்னது எல்லாம் பாக்கெட்டைத் திருப்பினால் தெரியும். இனிச் சொல்லப்போவது எந்தப் பாக்கெட்டிலும் இருக்காது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்களும் கம்பெனிக்காரர்கள் மட்டும் இல்லை, நாமும்தான்.

2018இல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. 2019 அக்டோபரில் முடிவு வந்தது. யூரியா, சோப்பு என்று நாம் பயப்படுகிற கலப்படம் பிடிபட்டது 12 மாதிரிகளில்தான். ஆனால் 368 மாதிரிகளில் அளவுக்கு மேல் அஃப்ளடாக்சின் எம்1 இருந்தது. அதிகமாக இருந்த மாநிலம் தமிழ்நாடு. 551 மாதிரியில் 88. ஆறில் ஒன்று என்று வையுங்கள். அடுத்தது டில்லி, பிறகு கேரளா. செய்தி ரெண்டு நாள் ஓடியது, பிறகு மறந்தாச்சு.

அஃப்ளடாக்சின் எங்கிருந்து வருகிறது? யாரும் பாலில் கலப்பதில்லை. ஈரத்தில் பூத்த பச்சைப் பூஞ்சை, ஆஸ்பர்ஜில்லஸ் என்று பெயர், நிலக்கடலையிலும் பருத்திக் கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் வளர்ந்து பி1 என்ற நஞ்சைச் சுரக்கிறது. மாடு அதைத் தின்றால் ஈரல் அதை மாற்றி, ஒரு பங்கை எம்1 என்ற பெயரில் பாலில் தள்ளுகிறது. தின்ற மறுநாளே பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது, உறைந்தாலும் போகாது. பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் தயிரில் அப்படியே இருக்கும், பனீரில் இன்னும் திரளும். ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்திய பொருள் இது. இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததே புண்ணாக்கால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கூட்டமாகச் செத்தன. காரணம் பிரேசிலிலிருந்து வந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு.

இப்போது நம்ம களத்துக்கு வாருங்கள். கடலை உரித்தால் என்ன செய்கிறோம்? நல்ல பருப்பு வியாபாரிக்கு. திரட்சியானதில் கொஞ்சம் விதைக்கு. சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை ஏறினது எல்லாம் ஒதுக்கி, "ஆட்டி எண்ணெ எடுத்துக்கலாம், புண்ணாக்கு மாட்டுக்காச்சு" என்று செக்குக்குப் போகிறது. நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போகாமல் புண்ணாக்கில் தங்குகிறது. அந்தப் புண்ணாக்கை ஊறவைத்து மாட்டுக்கு வைக்கிறோம். மாடு பாலில் தருகிறது. பால் சொசைட்டிக்குப் போய், கப்பாகித் திரும்பி வந்து நம்ம பேரன் தட்டில் விழுகிறது. நடுவில் எந்தக் கம்பெனியும் ஏமாற்றவில்லை.

இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்கு இது வராது என்று எண்ணிவிடாதீர்கள். பூஞ்சைக்குச் சான்றிதழ் தெரியாது. ரசாயனம் போடாத கடலையும் ஈரத்தில் கிடந்தால் பூக்கும். கடைசித் தண்ணீர் இல்லாமல் வறட்சியில் முற்றின கடலையில் நிலத்துக்குள்ளேயே ஏறிவிடும். அதனால் காய் பிடிக்கும் கடைசி மூணு வாரம் காயவிடாமல் பாருங்கள். மண்வெட்டியில் வெட்டுப்பட்ட காயைத் தனியாக ஒதுக்குங்கள். பிடுங்கின கடலையைக் குவித்து வைக்காமல், காய் மேலே பார்க்கத் திருப்பிப் போட்டுக் காயவையுங்கள். காயை எடுத்துக் காதோரம் ஆட்டினால் பருப்பு கலகலவென்று பேச வேண்டும். ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மூட்டை கட்டலாம். மூட்டையைத் தரையில் போடாமல் கட்டை மேல் அடுக்குங்கள், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. புண்ணாக்கை ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து வாங்க வேண்டாம், மழைக்காலத்தில் அதுவும் அதிகம். பூஞ்சைப் பருப்பை மாட்டுக்கும் போடாதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். கோழிக்கு அது இன்னும் சீக்கிரம் வேலை காட்டும். "காசு போட்டு வெளைஞ்சதுங்க, எப்பிடிக் கொட்டறது?" என்று கேட்பார்கள். கொட்டத்தான் வேண்டும். குப்பைக் குழிக்குப் போகட்டும்.

நம்பிக்கை தரும் சேதி ஒன்றும் உண்டு. பூஞ்சைத் தீவனத்தை நிறுத்தின சில நாட்களிலேயே பாலில் நஞ்சு குறைந்துவிடும். மாட்டின் உடம்பில் வருஷக்கணக்கில் தங்குவதில்லை.

இரண்டாவது சங்கதி ஆன்டிபயாடிக். அதே ஆய்வில் 77 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. மடிநோய் வந்தால் காம்பில் ட்யூப் மருந்து ஏற்றுகிறோம், ஊசி போடுகிறோம். எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்று மருந்து அட்டையில் எழுதியிருக்கும். மூணு நாளும் இருக்கும், ஒரு வாரமும் இருக்கும். ஊற்றாமல் இருக்கிறோமா? ஒரு மாட்டுப் பால் போனால் அன்றைய வரும்படி போச்சு என்று ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. தயிர் போடுகிறவர்களுக்கு இது உடனே தெரியும். மருந்து ஏறின பாலில் உறை உயிர்கள் செத்துப்போய், பால் உறையாது. வீட்டில் மாடு வைத்திருக்கும் பெண்கள், "ஊசி போட்ட மாட்டுப் பாலு, பெரை புடிக்காது" என்று படிக்காமலேயே சொல்வார்கள். ஆனால் உறைந்துவிட்டது என்பதற்காக மருந்தே இல்லை என்று எண்ணக்கூடாது. கொஞ்சமாக இருந்தால் உறையத்தான் செய்யும். இயற்கைச் சான்றில் இருப்பவர்கள் அட்டையில் போட்ட நாளை ரெட்டிப்பாக்க வேண்டும்.

மருந்து ஏற்றும் நிலைமைக்கே போகாமல் பார்ப்பது உத்தமம். கறந்து முடிந்ததும் மாடு அரை மணி நேரம் படுக்காமல் பார்த்துக்கொண்டால், திறந்திருக்கும் காம்புத் துவாரத்தில் சாணி படாது. கறந்த உடனே தீவனம் வைத்தால் அது தானே நின்று தின்னும். ஆரம்ப மடிநோய்க்குப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய கற்றாழை வைத்தியம் நம்ம ஆட்களுக்குத் தெரியும்: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிக் கறந்துவிட்டு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரை பூச வேண்டும், ஐந்து நாள். காய்ச்சல் அடித்து, தீனி எடுக்காமல் படுத்துவிட்ட மாட்டுக்கு இதை மட்டும் நம்பி நாள் கடத்த வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நம்ம தயிரை யார் வாங்குவார்கள்

நாமே தயிர் போட்டு விற்றால் என்ன என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. பாலுக்குச் சொசைட்டி தருகிற விலையையும், அதே பால் கப்பில் வரும்போது நாம் கொடுக்கிற விலையையும் 100 கிராமுக்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கப் சின்னதாகச் சின்னதாக விலை ஏறும். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டின தயிருக்கு 2022 ஜூலை 18லிருந்து 5 சதவீத ஜி.எஸ்.டி. வேறு வந்தது. இந்த இடைவெளியில் நமக்கு இடம் இருக்கிறது.

விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யணும். சிறு அளவில் செய்கிறவர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, பதிவு போதும். பால் ஒரு தடவை பொங்கக் காய்ச்சணும். சொசைட்டிக்குப் போகாமல் தடுத்த மருந்துப் பால் இதில் வந்து கலக்கவே கூடாது. உறை மோரை வாரம் ஒரு முறையாவது நல்ல தயிரிலிருந்து புதுசாக எடுக்கணும். இல்லாவிட்டால் புளிப்பு ஏறிக்கொண்டே போய், தயிர் கோழை மாதிரி இழுக்கும். மார்கழிக் குளிரில் பாத்திரத்தை வைக்கோலுக்குள் வைப்பதா, அரிசி அண்டாவுக்குள் வைப்பதா என்பதை அவரவர் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் முடிவானது இவ்வளவு. ஆறு வீட்டுப் பால், எல்லார் வீட்டுப் புண்ணாக்கையும் மாதம் ஒரு முறை மற்ற ரெண்டு பேர் போய்ப் பார்ப்பது, ஊசி போட்ட மாட்டின் பெயரையும் நாளையும் சுவரில் தொங்கும் நோட்டில் எழுதுவது. கோபி வாரச் சந்தையில் விற்பனை. தூக்குப்போசி கொண்டு வருகிறவர்களுக்கு அளந்து ஊற்றுவோம். கொண்டு வராதவர்களுக்கு மண்சட்டி. சட்டிக்கு முன்பணம், கழுவித் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ்.